ஏந்தாத கை

நாணல்மேட்டில் ஒரே நாளில், ஒரே இடத்தில், இரண்டு கைகள் முறிந்தன.

ஒன்று ஒன்றியத் தலைவர் துரைராசுவின் வலது கை. மறுநாள் செய்தித்தாளில் அதற்குக் கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டார்கள். இன்னொன்று ஐந்தாம் வகுப்பு அம்சவல்லியின் வலது கை. அதற்குச் செய்தியின் கடைசி வரியில் இடம் கிடைத்தது: ‘மேலும் ஒரு சிறுமிக்கும் காயம்.’

அந்த ‘ஒரு சிறுமி’யின் கதைதான் இது. தலைவரும் வருவார். அவர் வராமல் ஊரில் எந்த விழாவும் நடக்காது; கதை மட்டும் நடந்துவிடுமா?

அன்றைக்கு வாய்க்கால் மதகு திறப்பு விழா. மதகு என்னவோ ஓர் எருமை நுழைகிற அகலம்தான். ஆனால் அதற்கு வைத்த வரவேற்பு வளைவு தென்னைமர உயரம். வளைவு முழுவதும் தலைவரின் பட்டங்கள். ‘டெல்டாவின் போர்வாள்’, ‘வாரி வழங்கும் வள்ளல்’, ‘ஏழைகளின் விடிவெள்ளி’. இடம் போதாமல் மதகின் பெயரை விட்டுவிட்டார்கள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் காலையிலேயே கொண்டுவந்து, கையில் பூத்தட்டோடு வரிசையாக நிறுத்தினார்கள். வெயில் வந்தது. உச்சிக்கும் வந்தது. தலைவர் வரவில்லை. அம்சவல்லிக்குக் கால் கடுத்தது. வளைவின் மூங்கில் காலில் கொஞ்சம் சாய்ந்துகொண்டாள்.

சரியாக அப்போதுதான் ஜீப் வந்தது. தலைவர் அதில் எழுந்து நின்று கையைத் தூக்கினார். ஈர மண்ணில் அவசரமாக நட்ட மூங்கில் அது. தலைவருக்கு வணக்கம் சொல்வதுபோல் வளைவு மெல்லக் குனிந்தது. குனிந்தது நிமிரவேயில்லை.

“எதிர்க்கட்சியின் சதி!” என்று ஒலிபெருக்கி அலறியது. எதிர்க்கட்சிக்காரர்கள் அன்று எல்லோரும் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார்கள்.

தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் இரண்டு கைகளுக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. உடைந்த எலும்பைச் சேர்த்துவைத்து, தகடு பொருத்தி, திருகாணி முடுக்கித் தைத்தார்கள்.

“உள்ள இரும்பு இருக்குடி” என்று அம்சவல்லி தன் உயிர்த்தோழி நஃபீசாவிடம் பெருமையாகச் சொன்னாள்.

“துருப்பிடிக்காதா?” என்று கேட்டாள் நஃபீசா.

அம்சவல்லிக்கு அன்று முழுவதும் அதே கவலை.

தையல் பிரித்தார்கள். எலும்பும் கூடிவிட்டது என்றார் டாக்டர். ஆனால் ஒரு சங்கடம். கை திரும்பவில்லை. உள்ளங்கை எப்போதும் தரையையே பார்த்தபடி இருந்தது, எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர் போல. எழுத முடிந்தது. சாப்பிடுவதுதான் பாடு. சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியாததால், வாயைச் சோற்றுக்குக் கொண்டுபோனாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். அஞ்சாங்கல்லைத்தான் பொறுக்க முடியவில்லை.

நஃபீசா ‘அத்தா’ என்று கூப்பிடும் அவள் அப்பா லியாகத் அலி, கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தார். கடையின் பின்படிதான் தோழிகள் இருவருக்கும் ஆடுகளம். கற்கள் இருவருக்கும் பொது. கோடையில் காவிரி மணலில் நாள்முழுக்கத் தேடி, சேர்ந்து பொறுக்கியவை. புறா முட்டையைவிடச் சின்னவை, அவ்வளவு வழவழப்பு.

இப்போது நஃபீசா மட்டும் ஆடினாள். அம்சவல்லி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். ஒரு கல்லை மேலே எறியலாம். கீழே கிடப்பதை அள்ளலாம். மேலே போனது திரும்பி வருமே, அதைப் பிடிக்க உள்ளங்கை வானத்தைப் பார்க்க வேண்டும். அவளுடையது பார்க்காது.

“இடது கையால ஆடேன்” என்றாள் நஃபீசா.

“அதுக்கு ஆட்டம் தெரியாதுடி.”

கல்லோடு கல் உரசும் ‘கிளிக்’ சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் விரல்கள் தாமாகவே மடங்கி விரிந்தன.

ஒருநாள் நஃபீசா ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தினாள்.

“அம்சா, நாங்க நாகப்பட்டினம் போறோம்.”

“எப்ப வருவீங்க?”

“வரமாட்டோம். பெரியத்தா அங்க கடை வச்சிருக்காங்கல்ல, அவங்க சவுதிக்குப் போறாங்க. கடையை அத்தாதான் பார்க்கணுமாம். அறுப்பு முடிஞ்சதும் போறோம்.”

அம்சவல்லி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். பயிர் பச்சையாகத்தான் நின்றது. வாழ்க்கையில் முதல்முறையாக, நெல் மெதுவாக விளையட்டும் என்று ஆசைப்பட்டாள்.

ஒரே ஓர் ஆட்டம். அவள் போவதற்குள் ஒரே ஓர் ஆட்டம், இரண்டு பேரும் சேர்ந்து. அது போதும்.

*

அம்மா காத்தாயி அவளை டவுன் பஸ்ஸில் ஏற்றித் தஞ்சாவூருக்குப் பயிற்சிக்கு அழைத்துப் போவாள். அங்கே பொன்னுத்தாய் அக்கா இருந்தார். கைகால் முடங்கியவர்களை மிரட்டியே நடக்கவைப்பவர். முதலில் வெதுவெதுப்பான மெழுகில் கையை முக்கி எடுப்பார். மெழுகு ஆறியதும் வாழைப்பழத் தோலை உரிப்பதுபோல் உரிப்பார். அதுவரை அம்சவல்லிக்கு ரொம்பப் பிடிக்கும்.

அதற்குப் பிறகுதான் வினை.

“முழங்கையை இடுப்போட ஒட்டி வை. ம். இப்ப உள்ளங்கையை மேல திருப்பு. கை ஏந்துவாங்கல்ல, அந்த மாதிரி.”

அம்சவல்லியின் கை அப்படியே நின்றது.

“வலிக்குதா?”

“வலிக்குது. ஆனா அதுக்காக இல்ல. நாங்க கை ஏந்த மாட்டோம்.”

பொன்னுத்தாய் அக்கா காத்தாயியைப் பார்த்தார். காத்தாயி மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். துரைராசுவின் அப்பா காலத்தில், களத்துமேட்டில் கூலி வாங்க அம்சவல்லியின் தெருவே வரிசையில் நிற்கும். துண்டை விரித்து ஏந்த வேண்டும். மேலிருந்து நெல்லைப் போடுவார்கள். எவ்வளவு என்று கேட்கக் கூடாது. ஓர் அறுப்பின்போது, அம்சவல்லியின் அப்பா முருகையனும் மற்றவர்களும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்கள். “அளந்து தரையில கொட்டுங்க. நாங்க அள்ளிக்கறோம். ஏந்த மாட்டோம்” என்றார்கள். கதிர் முற்றி உதிரத் தொடங்கியதும் பண்ணை இறங்கிவந்தது.

அன்றிலிருந்து அந்தத் தெருவில் யாரும் யாரிடமும் கை ஏந்துவதில்லை. சுதந்திர தின மிட்டாயைக்கூட வாத்தியார் மேசைமேல் வைக்க வேண்டும், பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். லியாகத் அலி மீதிச் சில்லறையைப் பலகையில்தான் வைப்பார். “உங்க தெருவுக்குன்னே இந்தப் பலகையை வழுவழுன்னு வச்சிருக்கேன்” என்பார்.

பொன்னுத்தாய் அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“ரோஷம் நல்லதுதான் கண்ணு. ஆனா சதைக்கு அது தெரியாது. இப்ப கொஞ்சம் வளைஞ்சு குடுக்குது. இறுகிடுச்சுன்னா அப்புறம் நானே கெஞ்சினாலும் திரும்பாது.”

அப்போது வெளியே பெரிய ஆரவாரம். “வாழ்க! வாழ்க!”

தலைவர் துரைராசு வந்துவிட்டார்.

உண்மையில் அவருக்குப் பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் விருப்பம். ஆனால் போன தேர்தலில், “எனக்கு ஒன்று என்றால் ஏழைகளோடு ஏழையாக அரசு மருத்துவமனையில்தான் படுப்பேன்” என்று மேடையில் முழங்கியிருந்தார். எவனோ அதை நினைவில் வைத்திருந்தான்.

அவரோடு ஒரு கூட்டமே உள்ளே வந்தது. ஒருவர் விசிறினார். ஒருவர் துண்டு பிடித்தார். தலைவர் சுண்டுவிரலை அசைத்ததும், “விரலை அசைத்த வீரரே!” என்று ஒருவர் கோஷம் போட்டார்.

“கை ஒருத்தருக்குத்தான் ஒடிஞ்சிருக்கு. மத்தவங்க வெளிய போங்க” என்றார் பொன்னுத்தாய் அக்கா. போனார்கள்.

“சார், முழங்கையை ஒட்டி வச்சுக்கிட்டுக் கையை மட்டும் திருப்புங்க.”

கையைத் திருப்பச் சொன்னால் தலைவர் ஆளே திரும்பினார். ஏற்கெனவே மூன்று கட்சிகளுக்குத் திரும்பிப் பழகிய உடம்பு.

“உடம்பு இல்ல சார். கை.”

“எங்க பரம்பரையில குடுத்துத்தாம்மா பழக்கம்” என்றார் தலைவர் கம்பீரமாக. “கையை மல்லாத்திப் பழக்கமில்ல.”

அவர் வாங்கியதெல்லாம் இடது கையால் வாங்கியதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தக் கை நன்றாகத்தான் இருந்தது.

“எனக்கும்தான் பழக்கமில்ல” என்றாள் பக்கத்து முக்காலியிலிருந்த அம்சவல்லி.

“நீ யார் வீட்டுப் புள்ள?”

“முருகையன் மக.”

வேப்பங்காயைக் கடித்ததுபோல் ஆயிற்று தலைவரின் முகம். ஒருவர் இவ்வளவு நிலம்தான் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தபோது, துரைராசுவின் நிலமெல்லாம் ஓடிப்போய் மாமியார் பேரிலும் மைத்துனர் பேரிலும் இன்னும் பிறக்காத பேரன் பேரிலும் ஒளிந்துகொண்டது. மாமியார் பேரில் ஒளிந்திருந்த வயலில்தான் முருகையன் சங்கக் கொடியை நட்டிருந்தார். வழக்கு நடந்துகொண்டிருந்தது.

“நல்ல ஜோடி!” என்றார் பொன்னுத்தாய் அக்கா. “ஒருத்தர் குடுத்தே பழகினவரு. ஒருத்தி ஏந்தவே மாட்டா. ரெண்டு கையும் கவுந்தே கெடக்கட்டும்.” சொல்லிவிட்டு, வேறொரு நோயாளியை நடக்கவைக்கப் போய்விட்டார். காத்தாயி மாத்திரை வாங்கப் போனாள்.

அறையில் அவர்கள் இருவர் மட்டும். பிறகு, மூக்கை உறிஞ்சுகிற ஒலி கேட்டது.

அம்சவல்லி ஓரக்கண்ணால் பார்த்தாள். டெல்டாவின் போர்வாள் கண்ணை மூடிக்கொண்டு, தன் கையை வாயால் ஊதிக்கொண்டிருந்தார். கன்னத்தில் கண்ணீர்.

அந்த வலி அவளுக்குத் தெரியும். உள்ளே யாரோ ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி இருக்கும். ‘வலிக்குதா’ என்று கேட்டால் இன்னும் அழுகை வரும் என்பதும் தெரியும். அதனால் அவள் அதைக் கேட்கவில்லை. பாவாடைப் பையிலிருந்து ஐந்து கற்களை எடுத்தாள். நஃபீசா கொடுத்தனுப்பியவை. பஸ்ஸில் சும்மா தொட்டுக்கொண்டு வருவதற்கு.

“தலைவரே, அஞ்சாங்கல் தெரியுமா?”

தலைவர் அவசரமாகக் கண்ணைத் துடைத்தார். “அது பொம்பளப் புள்ளைங்க ஆட்டம்.”

“ஆமா. கஷ்டமான ஆட்டம்.”

அவர் சிரித்துவிட்டார். பிறகு கற்களைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“சின்ன வயசுல எங்க மாடி ஜன்னல்லேர்ந்து பார்ப்பேன். உங்க தெருப் புள்ளைங்க களத்துல ஆடும். சத்தம் நல்லாயிருக்கும். இறங்கிப் போக விடமாட்டாங்க.”

பார்த்துக்கொண்டே இருப்பது என்றால் என்ன என்று அம்சவல்லிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவள் ஒரு கல்லை மெதுவாக அவரிடம் தூக்கிப் போட்டாள்.

தலைவரின் கை திடுக்கிட்டு, தானாகவே கொஞ்சம் திரும்பியது. கல் விரலில் பட்டு விழுந்தது.

“ஆ! என்னடா இது, குடுக்கறேன்னு சொல்லிட்டுக் குடுக்கக் கூடாதா?”

“இது குடுக்கறது இல்லீங்க. நான் போடறேன், நீங்க பிடிக்கறீங்க. இதுல குடுக்கறவங்களும் இல்ல, ஏந்தறவங்களும் இல்ல.” சொல்லி முடித்ததும் அவளுக்கே அது புதிதாகக் கேட்டது. முழங்கையை இடுப்போடு ஒட்டினாள். “இப்ப நீங்க போடுங்க.”

அவர் போட்டார். கல் காற்றில் வந்தது. அவ்வளவு நாளாகத் தரையையே பார்த்துக்கொண்டிருந்த கைக்கு அந்தக் கல்லை அடையாளம் தெரிந்துவிட்டது போலும். வலியோடு, நடுங்கி, நண்டுபோல் ஒருக்களித்துத் திரும்பியது. பிடிக்க முடியவில்லை. ஆனால் திரும்பியது!

“இன்னொரு தடவை!” என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

“தொட்டதையும் பிடிச்சதாக் கணக்கு வச்சுக்க” என்றார் தலைவர் கொஞ்ச நேரத்தில்.

“இது எலெக்‌ஷன் இல்லீங்க.”

பொன்னுத்தாய் அக்கா திரும்பி வந்தார். பார்த்தார். “முழங்கை! ஒட்டி வைங்க!” என்று மட்டும் சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார். வெளியே தொண்டர்கள் காத்திருந்தார்களே.

*

சேதி ஊருக்குள் வர எவ்வளவு நேரம்? முருகையன் வயலிலிருந்து நேராக வந்தார். கால் சேற்றைக்கூடக் கழுவவில்லை.

“ஏம்புள்ள, அந்தாளு கையிலேர்ந்து வாங்கினியாமே?”

“வாங்கலப்பா. பிடிச்சேன்.”

முருகையன் தலைத்துண்டை அவிழ்த்து உதறினார்.

“அவரு போட்டாரு, நான் பிடிச்சேன். நான் போட்டேன், அவரு விட்டுட்டாரு.”

“எத்தினி தடவை விட்டான்?”

“எக்கச்சக்கமா.”

மீசைக்குள் ஏதோ அசைந்தது. ஆனாலும் அவர் விறைப்பாகவே இருந்தார். “இருந்தாலும் ஏந்தற மாதிரிதானே இருக்கு?”

“ஊர்வலத்துல நீ மட்டும் கொடி ஏந்திக்கிட்டுப் போறே?”

“அது வேற ஏந்தல்.”

“இதுவும் வேற ஏந்தல்தான்.”

முருகையன் காத்தாயியைப் பார்த்தார். காத்தாயி இந்த முறை கூரையைப் பார்த்தாள். அவர் மடியை அவிழ்த்து, ஒரு வேர்க்கடலையை எடுத்தார். கொடுக்கவில்லை. தூக்கிப் போட்டார்.

“பிடி!”

அன்றிலிருந்து அந்த வீட்டில் எந்தப் பொருளும் கைமாறவில்லை, பறந்தது. வேர்க்கடலை, வெங்காயம், புளியங்கொட்டை. ஒருமுறை தக்காளி பறந்ததும் காத்தாயி கரண்டியைத் தூக்கினாள். அதோடு காய்கறி நின்றது.

மாலையில் நஃபீசா கல்லைப் போடுவாள். அம்சவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு பிடிப்பாள். கை கொஞ்சம் கொஞ்சமாக வானத்தின் பக்கம் சாய்ந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நெல்லும் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாகிச் சாய்ந்தது. முதலாவதைப் பார்த்தால் சிரிப்பு வரும். இரண்டாவதுக்கு முதுகைக் காட்டி உட்காருவாள்.

இதற்கிடையில் தலைவருக்கும் கை திரும்பிவிட்டது. ஒரத்தநாட்டில் ஒரு கூட்டத்தில் பேசினார்: “அந்த ஏழைச் சிறுமியின் கையைத் திருப்பியது இந்தக் கைதான்!” அதில் பாதி உண்மை. அவருடைய மேடைப் பேச்சில் பாதியாவது உண்மை இருந்தது அதுவே முதல்முறை. மாமியார் வயல் வழக்கு மட்டும் எந்தப் பக்கமும் திரும்பாமல் அப்படியே நின்றது.

அறுப்பு முடிந்தது.

லாரி வந்து கடை வாசலில் நின்றது. டின்கள், மூட்டைகள், தராசு, எல்லாம் ஏறின. பின்படியில் தோழிகள் இருவரும் உட்கார்ந்தார்கள்.

“ஆடலாமா?” என்றாள் நஃபீசா.

அம்சவல்லி கல்லை எறிந்தாள். ஒன்று அள்ளினாள், பிடித்தாள். இரண்டிரண்டாய் அள்ளினாள், பிடித்தாள். மூன்றும் ஒன்றும் அள்ளினாள். வலித்தது. பிடித்தாள். நான்கையும் ஒரேயடியாக அள்ளும்போது மேலே போன கல் விரல் நுனியில் தட்டித் தெறித்தது.

“ஐயோ, கடைசில!”

“இன்னொரு தடவை ஆடுடி, நான் பார்க்கல” என்றாள் நஃபீசா, நன்றாகப் பார்த்துக்கொண்டே.

லாரி ஹாரன் அடித்தது. “நஃபீசா! ஏறும்மா!” என்றார் லியாகத் அலி.

நஃபீசா கற்களைப் பொறுக்கினாள். ஐந்தையும் அம்சவல்லிக்கே கொடுத்துவிடுவது என்று முன்பே முடிவு செய்திருந்தாள். வழக்கம்போல் பலகையில் வைக்கத் திரும்பினாள்.

பலகை இல்லை. அது லாரியில் ஏறிவிட்டது.

நஃபீசா கல்லை மூடிய கையோடு விழித்துக்கொண்டு நின்றாள். எங்கே வைப்பது?

அம்சவல்லி முழங்கையை இடுப்போடு ஒட்டினாள். கையை மெல்லத் திருப்பினாள். உள்ளங்கை மேலே வந்தது.

“இதுல வைடி.”

நஃபீசா ஒவ்வொன்றாக வைத்தாள். கை இன்னும் முழுசாக மட்டமாகவில்லை. ஓரம் கொஞ்சம் சரிவு. நாலு கல் நின்றன. ஐந்தாவது உருண்டு, படியில் விழுந்து, நஃபீசாவின் காலடியில் போய் நின்றது.

அம்சவல்லி குனியப் போனாள். நஃபீசா முந்திக்கொண்டு எடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கல்லைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

“இது என்கிட்ட இருக்கட்டும். அப்பத்தான் நீ வேற யார்கூடவும் ஆட முடியாது.”

“ஏன் அம்சா,” என்றார் லியாகத் அலி லாரிப் படியில் நின்றபடி, “இனிமே நம்ம பலகைக்கு வேலை இல்லையா?”

“இருக்கு பாய். தூக்கிப் போடத் தெரியாதவங்களுக்கு.”

லாரி கிளம்பியது. அறுத்துக் காலியாகிக் கிடந்த வயல்களுக்கு நடுவே சின்னதாகி, புழுதியாகி, காவிரிப் பாலத்துப் பக்கம் மறைந்தது. அம்சவல்லி பின்படியில் தனியாக நின்றாள். ஒரு கல்லை மேலே எறிந்தாள். அது போனது, நின்றது, திரும்பி வந்தது. பிடித்தாள்.

கையை விரித்துப் பார்த்தாள். நாலு கல் இருந்தன. அஞ்சாவதுக்கு இடமும் இருந்தது.